எல்எல்விஎம்மின் இன்லைன் அசெம்பிளி: வேண்டாத பாராமீட்டரை எடுப்பதா, அப்படியே விடுவதா?

எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பில் பிரின்ட்ஆஸம்ஆபரண்ட் என்றொரு ஃபங்ஷன் உண்டு. சி நிரலுக்குள் இன்லைன் அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளை நிரலின் நடுவிலேயே நேரடியாக எழுதுவது) எழுதும்போது %0, %1 என்று இடம் விட்டு வைப்போமே, அந்த இடத்தில் ரெஜிஸ்டர் பெயரையோ எண்ணையோ கடைசியில் எழுதித் தருவது இதுதான். 2019 ஏப்ரல் வரை இதற்கு ஐந்து பாராமீட்டர்கள் இருந்தன: எந்த மெஷின் கட்டளை, அதில் எத்தனையாவது ஆபரண்ட் (கட்டளை கையாளும் மதிப்பு), அசெம்பிளி எந்த நடை (ஏடி&டியா, இன்டெலா), மாடிஃபையர் எழுத்து (அச்சடிக்கும் விதத்தை மாற்றுவது), எழுத வேண்டிய ஸ்ட்ரீம். அந்த மாதம் மூன்றாவதை எடுத்துவிட்டார்கள். இதன் ஜோடியான பிரின்ட்ஆஸம்மெமரிஆபரண்டிலிருந்தும் எடுத்தார்கள்.

சின்ன மாற்றம்தான். ஆனால் பெரிய சி++ திட்டங்களில் வேலை செய்கிறவர்கள் முன்னால் இதே கேள்வி அடிக்கடி வந்து நிற்கும். ஒரு பாராமீட்டரைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் பயன்படுத்துகிறார். எடுப்பதா, விடுவதா, எடுத்தால் எந்த வழியில்? வழிகள் நாலைந்து இருக்கின்றன. இந்த ஒரு மாற்றத்தை வைத்தே அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதை எங்கே எடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், நடையைச் சொல்லும் இந்த எண் யாருக்குத் தேவைப்பட்டது?

எல்எல்விஎம்மைப் பொறுத்தவரை இன்லைன் அசெம்பிளிக்கு இரண்டு நடை என்பதே இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் எக்ஸ்86 தரும் தலைவலி. ஏஆர்எம், பவர்பிசி, மிப்ஸ், ஸ்பார்க், சிஸ்டம்இசட், ஹெக்ஸகன், ரிஸ்க்-ஃபைவ் என்று ஒரு டஜனுக்கு மேற்பட்ட பேக்எண்டுகள் (ஒவ்வொரு சிப் வகைக்கும் கட்டளைகளை உருவாக்கும் பகுதிகள்) இந்த ஃபங்ஷனைத் தங்களுக்கு ஏற்றபடி எழுதிவைத்திருந்தன. எல்லாமே அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும். சில, வாங்கியதை அப்படியே அடுத்த ஃபங்ஷனுக்குக் கைமாற்றிவிடும். எதுவும் பிரித்துப் பார்க்காது.

எக்ஸ்86 மட்டும் பார்த்தது. பார்த்த விதமும் எளிமையானது: எண் 0 என்றால் ரெஜிஸ்டர் பெயருக்கு முன்னால் % போடு, நேரடி எண்ணுக்கு முன்னால் $ போடு, இல்லையென்றால் போடாதே. மெமரி ஆபரண்ட் என்றால் ஏடி&டி நடையில் 8(%ஆர்எஸ்பி) என்று எழுத வேண்டும், இன்டெல் நடையில் [ஆர்எஸ்பி + 8] என்று எழுத வேண்டும். 0 என்றால் ஏடி&டி, 1 என்றால் இன்டெல்.

அப்படியானால் எக்ஸ்86க்காவது அந்தப் பாராமீட்டர் வேண்டும்தானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இன்லைன் அசெம்பிளி ஒரு மெஷின் கட்டளையாக மாறும்போது அதன் முதல் ஆபரண்ட் அசெம்பிளி வரி. அடுத்தது ஒரு முழு எண். அதன் ஒவ்வொரு பிட்டிலும் ஒரு குறிப்பு இருக்கும். 1 என்ற பிட் பக்கவிளைவு உண்டு என்கிறது, 2 ஸ்டாக்கை ஒழுங்குபடுத்தச் சொல்கிறது, 4 நடை எது என்கிறது, 8 மெமரியைப் படிக்கும் என்கிறது, 16 மெமரியில் எழுதும் என்கிறது. நடை எது என்று கேட்க மெஷின் கட்டளை வகுப்பிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது இந்த எண்ணை எடுத்து, 4இன் பிட்டைப் பார்த்துப் பதில் சொல்லும், அவ்வளவே.

அழைக்கும் இடத்தில் நடந்ததும் இதுதான். மெஷின் கட்டளையிடம் நடை எது என்று கேட்டு, வந்த பதிலையும் அந்த மெஷின் கட்டளையையும் சேர்த்தே பிரின்ட்ஆஸம்ஆபரண்டுக்கு அனுப்பினார்கள். ரேஷன் கார்டைக் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று வாயாலும் சொல்வது போல. இரண்டும் ஒத்துப்போகிற வரை தொல்லை இல்லை.

ஆக, இந்தப் பாராமீட்டர் வேண்டாதது என்பதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருந்தன. மற்ற பேக்எண்டுகளில் யாருமே படிக்காததால் வேண்டாம். எக்ஸ்86இல் படித்தாலும், அது ஏற்கெனவே கையில் இருக்கிற தகவலின் நகல் என்பதால் வேண்டாம். எடுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது காரணம்தான் என்பது என் கருத்து. முதல் காரணத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் எப்படிச் சறுக்கும் என்பதற்கு ஜிசிசி என்ற மற்றொரு கம்பைலரில் ஒரு நல்ல எதிர்மாதிரி இருக்கிறது.

அப்படியே விட்டுவிடுவது

ஜிசிசியிலும் இன்லைன் அசெம்பிளியை ஒவ்வொரு பேக்எண்டும் தன் வசதிக்குத் திருத்திக்கொள்ள ஒரு கொக்கி (பேக்எண்ட் தன் ஃபங்ஷனை மாட்டிவைக்கும் இடம்) உண்டு: எம்டி-ஆஸம்-அட்ஜஸ்ட். அவுட்புட்டுகள், இன்புட்டுகள், அவற்றின் மோடுகள் (மதிப்பின் வகையும் அளவும்), கன்ஸ்ட்ரெயின்ட்டுகள் (மதிப்பு எங்கே இருக்கலாம் என்ற நிபந்தனைகள்), க்ளாபர்கள் (அசெம்பிளி அழித்துவிடும் என்று சொல்லிவைப்பவை), அழியும் ரெஜிஸ்டர்களின் தொகுப்பு என்று பட்டியல் நீளம். எக்ஸ்86க்கு இதில் பாதி வேண்டாம். ஃப்ளாக் மதிப்புகளை நேரடியாக அவுட்புட்டாகக் கேட்கும் வசதிக்காக அவுட்புட்டுகளும் கன்ஸ்ட்ரெயின்ட்டுகளும் தேவை. ஃப்ளாக் ரெஜிஸ்டர் எப்போதும் அழியும் என்று தானே சேர்த்துவிடுவதால் க்ளாபர்களும் தேவை. (எக்ஸ்86 இன்லைன் அசெம்பிளியில் சிசி என்று க்ளாபர் எழுதாவிட்டாலும் ஓடுவதற்கு இதுவே காரணம்.) இன்புட்டுகளை அது தொடுவதில்லை. எனவே எக்ஸ்86 கோப்பில் இன்புட் பாராமீட்டரின் வகை மட்டும் இருக்கும். பெயரைக் கமெண்ட்டுக்குள் தள்ளியிருப்பார்கள். "வருகிறது, எனக்கு வேண்டாம்" என்று படிப்பவருக்குச் சொல்ல அது போதும். கம்பைலரும் எச்சரிக்காது.

இது சோம்பேறித்தனமான தீர்வு மாதிரித் தெரியலாம். இல்லை. 2021இல் வந்த ஜிசிசி 11இல் இந்தக் கொக்கிக்கு இன்புட் மோடுகள் என்ற புதுப் பாராமீட்டரைச் சேர்த்ததே ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390க்காகத்தான். அங்கே லாங் டபுள் மதிப்பு வெக்டர் ரெஜிஸ்டரில் இருக்கலாம். இன்லைன் அசெம்பிளி எழுதியவரோ ஃப்ளோட்டிங் ரெஜிஸ்டர் ஜோடியைக் கேட்டிருப்பார். மாற்றித்தர மோடு தெரிந்தாக வேண்டும். இன்புட் ஒரு வெறும் மாறிலியாக இருந்தால் அதனிடமிருந்தே மோடைக் கண்டுபிடிக்க முடியாது. தகவல் வேறெங்கும் இல்லை. ஒரே ஒரு பேக்எண்ட் படித்தாலும் அந்தப் பாராமீட்டர் இருந்தே தீர வேண்டும். மற்றவர்கள் பெயரைக் கமெண்ட்டில் போட்டுவிட்டுப் போகலாம். "பத்துப் பேரில் ஒன்பது பேர் தொடுவதில்லை, எடுத்துவிடலாம்" என்று இங்கே யாராவது பேட்ச் அனுப்பினால் எஸ்390 உடையும்.

எல்எல்விஎம்மிலும் இதே வழியில் போயிருக்கலாம். தன் பில்டில் பயன்படாத பாராமீட்டர் பற்றிய எச்சரிக்கையை அது அணைத்தேதான் வைத்திருக்கிறது. அதனால் பெயரைக்கூட மறைக்க வேண்டியதில்லை. மாற்றம் ஏதும் இல்லாததால் வெளியே தனியாகப் பராமரிக்கப்படும் பேக்எண்டுகளும் உடையாது. விடுவதற்குச் சாதகமான வாதம் இவ்வளவுதான்; கொஞ்சம் வலுவான வாதமும்கூட.

பாதகம் என்னவென்றால், எத்தனையாவது ஆபரண்ட் என்பதும் எந்த நடை என்பதும் அடுத்தடுத்து நின்ற இரண்டு அன்சைண்டு எண்கள். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. தவறு ஓடும்போதுதான் தெரியவரும். கேட்ட ஆபரண்டுக்குப் பதில், கட்டளையின் தொடக்கத்தில் இருக்கும் அசெம்பிளி வரியையோ குறிப்பு எண்ணையோ எடுக்கப் பார்க்கும். ஏஆர்எம் மாதிரி நடையைப் பார்க்காத பேக்எண்டில் எழுதும் சோதனையில் தவறு பாதிதான் தெரியும். புதிதாக ஒரு பேக்எண்ட் எழுதுகிறவர் பழையதைப் பார்த்துத்தான் எழுதுவார். யாருமே படிக்காத அந்த எண் அவர் கோப்பிலும் குடியேறும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் யாராவது கேட்பார்கள். 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு முழு எண் அல்லது பாயிண்டர் ஆர்கியுமெண்டுகள் ரெஜிஸ்டரில் போகும். திஸ் பாயிண்டரோடு இந்த ஐந்தைச் சேர்த்தால் சரியாக ஆறு. விண்டோஸில் நாலுதான் ரெஜிஸ்டரில், மீதி இரண்டு ஸ்டாக்கில். எதுவானாலும் அளக்கத்தக்க லாபம் இல்லை. இன்லைன் அசெம்பிளியை அச்சடிப்பது கம்பைலரின் நேரத்தில் கணக்கிலேயே வராது. தேவையற்ற ஆர்கியுமெண்டுகளைக் களையும் பாஸ் எல்எல்விஎம்மிலேயே இருக்கிறது. ஆனால் விர்ச்சுவல் ஃபங்ஷனின் கையெழுத்தை (பெயரும் பாராமீட்டர் பட்டியலும்) அது தொட முடியாது, அழைப்பது வி-டேபிள் (எந்த வகுப்பின் ஃபங்ஷன் என்று ஓடும்போது காட்டும் அட்டவணை) வழியாக என்பதால். வேகத்துக்காக எடுக்கிறோம் என்று கமிட் செய்தியில் எழுதினால் ரிவ்யூவில் சிரிப்பார்கள்.

எடுத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் கேட்பது

எல்எல்விஎம் தேர்ந்தெடுத்தது இது. பாராமீட்டரை எல்லாப் பேக்எண்டுகளிலிருந்தும் ஒரே கமிட்டில் எடுத்துவிட்டு, எக்ஸ்86க்குள் % போடலாமா என்று முடிவெடுக்கும் அந்த வரியிலேயே மெஷின் கட்டளையிடம் நடையைக் கேட்பது. கேட்பதை எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதிப்பது. 0, 1 என்ற வெற்று எண்களை ஒப்பிட்ட இடத்தில் ஏடி&டி என்று பெயர் சொல்லி ஒப்பிடும் வரி வந்தது. படிப்பதற்கு அதுவே பெரிய ஆறுதல்.

அப்போது ஏன் இதற்கு அவசரம் என்றால், பின்னணியில் லினக்ஸ் கெர்னல் இருந்தது. 2018இல் வந்த 4.17 கெர்னல் முதல் எக்ஸ்86இல் ஆஸம் கோட்டோ வசதி (இன்லைன் அசெம்பிளியிலிருந்து சி நிரலின் லேபிளுக்குத் தாவுவது) கட்டாயமானது. எல்எல்விஎம்மின் சி கம்பைலரான க்ளாங்கில் அது இல்லை. 2019 செப்டம்பரில் எல்எல்விஎம் 9 வரும்போதுதான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் இன்லைன் அசெம்பிளி தொடர்பான கோப்புகளை ஒவ்வொன்றாகச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். உதாரணமாக, %சி0 என்று எழுதினால் நேரடி எண்ணை $ இல்லாமல் அச்சடிக்க வேண்டும், %என்0 என்றால் எதிர்க்குறியோடு. இவை எந்த ஒரு சிப்புக்கும் சொந்தமல்ல. பொது வகுப்பில் ஒரே இடத்தில் இருக்க வேண்டியவை. பொதுவாக்கப் போனால், எக்ஸ்86க்காக மட்டும் எல்லோர் கையெழுத்திலும் தொங்கும் ஒரு எண் குறுக்கே நின்றது. எடுத்ததற்கு உண்மையான காரணம் இது. வரும் வேலைக்கு வழிவிடுவதற்காகச் செய்யும் சுத்தம் என்றால் ரிவ்யூ செய்கிறவருக்கும் நேரம் செலவிட மனம் வரும்.

இந்த வழியில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒன்று, கேட்கும் ஃபங்ஷன் இன்லைன் அசெம்பிளிக்கு மட்டுமே பதில் சொல்லும். வேறு கட்டளையைக் கொடுத்தால் அஸெர்ட்டில் (நிரல் தன்னைத்தானே சோதித்து நிறுத்தும் வரியில்) விழும். முன்பு எண்ணாக வந்தபோது எந்தக் கட்டளையை அச்சடித்தாலும் அந்த உதவி ஃபங்ஷன்கள் வேலை செய்திருக்கும். எடுத்தபின் அவை இன்லைன் அசெம்பிளிப் பாதையிலிருந்து மட்டுமே அழைக்கப்படலாம் என்ற நிபந்தனை புதிதாகச் சேர்கிறது. கையெழுத்தில் அது தெரியாது. எனவே எடுப்பதற்கு முன் அழைப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பார்ப்பது கட்டாயம். அஸெர்ட் அணைத்த ரிலீஸ் பில்டில் இன்னும் மோசம்: சம்பந்தமே இல்லாத ஒரு ஆபரண்டை முழு எண் என்று படித்து, ஏதோ ஒரு பிட்டை நடை என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, நடை என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் உலவின. இன்லைன் அசெம்பிளி எழுதியவர் எந்த நடையில் எழுதினார் என்பது ஒன்று. கம்பைலர் வெளியிடும் கோப்பு முழுவதும் எந்த நடையில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் பாணியில் எழுதிய இன்லைன் பகுதியை ஏடி&டி வெளியீட்டில் அச்சடிக்கும்போது, அதற்கு முன்னால் இன்டெல் நடைக்கு மாறச் சொல்லும் வரியையும் பின்னால் திரும்பி வரச் சொல்லும் வரியையும் எல்எல்விஎம் போடுகிறது. க்ளாங்கில் இன்டெல் நடை கேட்கும் ஆப்ஷன்கூட 2022இல் வந்த க்ளாங் 14 வரை வெளியீட்டை மட்டுமே மாற்றியது. இன்லைன் அசெம்பிளியைத் தொடவில்லை. சுருள் அடைப்புக்குள் செங்குத்துக் கோடு போட்டு இரண்டு நடைக்கும் எழுதிவைக்கும் வரிகளில் எதை எடுப்பது என்பதை அப்போது முடிவுசெய்தது வெளியீட்டின் நடை. இந்த இரண்டாவது நடை மெஷின் கட்டளைக்குள் இல்லை, அசெம்பிளி அச்சடிப்பானின் அமைப்பில் இருக்கிறது. அதைக் கடத்தும் பாராமீட்டரையும் "அதே மாதிரிதானே" என்று சேர்த்து எடுத்தால் நகலை எடுத்ததாக ஆகாது, தகவலையே தொலைத்ததாக ஆகும்.

மூன்று, சி++இன் விர்ச்சுவல் ஃபங்ஷன் பொறி. அடிப்படை வகுப்பில் கையெழுத்தை மாற்றிவிட்டு ஒரு பேக்எண்டில் மாற்ற மறந்தால், அங்கே ஓவர்ரைடு என்ற சொல் எழுதியிருந்தால் கம்பைலர் பிடித்துவிடும். எழுதியிருக்காவிட்டால் பிழையே வராது. பழைய ஃபங்ஷன் யாரும் அழைக்காத தனி ஃபங்ஷனாக நிற்கும். அழைப்பு அடிப்படை வகுப்புக்குப் போகும். அடிப்படை வகுப்புக்கோ அந்தச் சிப்பின் மாடிஃபையர்கள் தெரியாது. ஆபரண்ட் செல்லாது என்று பயனருக்குப் பிழைச் செய்தி வரும். அவர் தன் நிரலில் குற்றம் தேடிக்கொண்டிருப்பார். ஓவர்ரைடு எழுதியிருந்தாலும் அந்தக் கோப்பை பில்ட் செய்தால்தானே பிழை தெரியும்? 2019 ஏப்ரலில் ரிஸ்க்-ஃபைவும் ஏவிஆரும் பரிசோதனைப் பட்டியலில் இருந்தன. சாதாரணமாக பில்ட் செய்தால் அவை சேராது. அவற்றைத் தனியே பெயர் சொல்லிச் சேர்க்காமல் "என் கணினியில் எல்லாம் பச்சை" என்று கமிட் செய்தால், அடுத்த பத்து நிமிடத்தில் யாரோ ஒருவரின் பில்ட்பாட் (தானாக பில்ட் செய்து சோதிக்கும் கணினி) சிவப்பாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்தப் பாராமீட்டருக்கு இந்த வழிதான் சரி என்பேன். மூன்று சிக்கலுமே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் தீர்ந்துவிடுபவை. இரட்டைத் தகவல் அப்படியல்ல. யாராவது ஒரு இடத்தில் மட்டும் மாற்றும் நாள் வரை காத்திருக்கும்.

மற்ற மூன்று வழிகள்

பாராமீட்டரை எடுத்து எக்ஸ்86 அச்சடிப்பானின் உறுப்பு மாறியாக வைப்பது. கையெழுத்து சுத்தமாகிவிடும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் முன் அதை நிரப்ப வேண்டும். ஒரு பாதையில் மறந்தால் முந்தைய இன்லைன் அசெம்பிளியின் நடை அடுத்ததற்கு ஒட்டிக்கொள்ளும். ஒரே நடையில் எழுதிய கோப்புகளில் இந்தப் பிழை வெளியே வரவே வராது. எனக்கு இந்த வழி எந்த நிலையிலும் பிடிக்காது. பாராமீட்டரை அப்படியே விடுவது இதைவிட மேல்.

எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் கட்டி ஒரே பாராமீட்டராகக் கொடுப்பது. ஐந்தை நாலாக்கப் போகிற இடத்தில் இது அதிகப்படி. ஆனால் ஜிசிசியின் அந்தக் கொக்கிக்கு நன்றாகப் பொருந்தும். அங்கே ஒவ்வொரு முறை ஒரு பேக்எண்டுக்குப் புதுத் தகவல் தேவைப்படும்போதும் எல்லோர் கையெழுத்தும் மாறுகிறது. ஸ்ட்ரக்ட் என்றால் வேண்டியவர் மட்டும் புதுப் புலத்தைப் படிப்பார். குறை என்னவென்றால், உள்ளே யார் எதைப் படிக்கிறார்கள் என்பது கையெழுத்தில் தெரியாமல் போகும். அடுத்த முறை வேண்டாத புலத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

கடைசி வழி, புதிய கையெழுத்தைப் பழையதோடு சேர்த்து வைத்துவிட்டு, ஒன்றிரண்டு வெளியீடுகள் கழித்துப் பழையதை எடுப்பது. பிரின்ட்ஆஸம்ஆபரண்டுக்கு இது வேண்டாத சுமை. எல்எல்விஎம்மின் சி++ ஏபிஐ நிலையானது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வெளியே பேக்எண்ட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மெர்ஜிலும் இப்படி நாலு மாற்றங்களைச் சந்திப்பவர்கள்தான். மூன்றாவது ஆர்கியுமெண்டை அழித்தால் அவர்கள் வேலை முடிந்தது. பழையதும் புதியதும் விர்ச்சுவலாகவே அருகருகே இருந்தால் எது எதை அழைக்கிறது என்று பின்தொடர்வதுதான் பெரிய வேலையாகும். பழைய பாராமீட்டருக்கு டிஃபால்ட் மதிப்பு கொடுத்துத் தப்பிக்கலாம் என்றும் தோன்றும். விர்ச்சுவல் ஃபங்ஷனில் டிஃபால்ட் மதிப்பை எந்த வகுப்பின் பாயிண்டர் வழியாக அழைக்கிறோமோ அதுதான் தீர்மானிக்கும், ஓடப்போகும் ஃபங்ஷன் அல்ல. அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

ஆனால் சி ஏபிஐ வேறு கதை. எல்எல்விஎம்மின் இடைநிலை மொழியான ஐஆரில் இன்லைன் அசெம்பிளி மதிப்பை உருவாக்கித் தரும் பழைய சி ஃபங்ஷன் ஒன்றுக்கு நடை என்ற பாராமீட்டரே இல்லை. நடையைச் சேர்க்க வேண்டி வந்தபோது அதன் கையெழுத்தை மாற்றாமல் கெட்இன்லைன்ஆஸம் என்று புதுப் பெயரில் இன்னொன்றைச் சேர்த்தார்கள். காரணம் எளிது: சி ஃபங்ஷனின் பெயரில் பாராமீட்டர் வகைகள் பதிவதில்லை. பழைய அறிவிப்பைக் கையால் எழுதிவைத்திருக்கும் வேறு மொழியின் பைண்டிங் புதிய நூலகத்தோடு எந்த முணுமுணுப்பும் இல்லாமல் இணையும். ஓடும்போது நகர்ந்துபோன ஆர்கியுமெண்டுகளை வாங்கிக்கொள்ளும். சி++இல் அதே தவறு இணைக்கும்போதே "சிம்பல் இல்லை" என்று நின்றுவிடும். ஆகவே சி எல்லையைத் தாண்டும் ஃபங்ஷனில் பாராமீட்டர் வேண்டாததாகவே இருந்தாலும், புதுப் பெயரில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் பழையதை ஓய்வுபெற விடுவதுதான் ஒரே யோக்கியமான வழி.

எடுப்பதென்று முடிவானால் சரிபார்ப்பது

எல்எல்விஎம்மில் இப்படிப்பட்ட கமிட்டின் தலைப்பில் என்எஃப்சி என்று போடுவார்கள். நடத்தையில் மாற்றம் இல்லை என்ற வாக்குறுதி அது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெளியாகும் அசெம்பிளிக் கோப்புகளை பைட் பைட்டாக ஒப்பிடுவதுதான் அந்த வாக்குறுதியைச் சோதிக்கும் நேர்வழி. எக்ஸ்86இல் நாலு சேர்க்கைகளையும் ஓட்ட வேண்டும்: ஏடி&டி இன்லைன் ஏடி&டி வெளியீட்டில், ஏடி&டி இன்லைன் இன்டெல் வெளியீட்டில், பிறகு இன்டெல் இன்லைனுக்கு அதே இரண்டு. இன்டெல் இன்லைனைப் பெற ஐஆரில் ஆஸம் என்பதோடு இன்டெல்டயலெக்ட் என்று எழுதினால் போதும், அல்லது க்ளாங்கில் ஆஸம் பிளாக்குகளை அனுமதிக்கும் ஆப்ஷனைப் போடலாம். கெர்னலை மட்டும் பில்ட் செய்து பார்த்துவிட்டு நிறுத்தினால் முதல் சேர்க்கையைத் தாண்டமாட்டோம். இன்று அது இன்னும் முக்கியம். 2022 பிப்ரவரியில் வந்த ரஸ்ட் 1.59இல் இன்லைன் அசெம்பிளி நிலைபெற்றபோது எக்ஸ்86இல் இன்டெல் நடைதான் இயல்புநிலை என்று வைத்தார்கள். அந்தக் கிளை இப்போது விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

ரெஜிஸ்டர், நேரடி எண், மெமரி, குளோபல் மாறியின் முகவரி என்று ஆபரண்டின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி, மாடிஃபையர் இல்லாமல் ஒருமுறை, இருந்து ஒருமுறை. ஆஸம் கோட்டோவுக்கும் ஒன்று, ஏனென்றால் அது தனி மெஷின் கட்டளையாக வருகிறது. நடையைக் கேட்கும் ஃபங்ஷன் அதையும் இன்லைன் அசெம்பிளி என்று ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பொதுவாக்கும் வேலையை, அதாவது %சி0 போன்றவற்றை அடிப்படை வகுப்புக்கு நகர்த்துவதை, அடுத்த கமிட்டுக்கு வையுங்கள். அதில் ஏதாவது ஒரு பேக்எண்டில் நடத்தை மாறும். அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தால் ஒரு டஜன் கோப்புகளின் கையெழுத்து மாற்றத்தையும் சேர்த்துத் திரும்பப் பெற வேண்டியிருக்காது.